நூற்றில் நாற்பது

பழனியம்மாள் வெங்காயத்தைக் கல்லின்மேல் வைத்து இடக்கை முஷ்டியால் ஒரு குத்துக் குத்துகிறாள். தோல் வேறு, சதை வேறாகப் பிரிந்துவிடுகிறது. கூழ்ப்பானையின் கழுத்தை வலது முழங்கை மடிப்பில் அணைத்துக்கொண்டு கரண்டியால் கலக்குகிறாள். முழங்கைக்குக் கீழே சாண் நீளம்கூட இல்லாமல் அந்தக் கை முடிந்துபோகிறது. அதை முந்தானையால் மூடும் வழக்கம் அவளுக்கு இல்லை.

திருச்செங்கோட்டுச் சாலையில், பருத்தி அரைக்கும் மில்லுக்கு நேர் எதிரே அவளுடைய தகரக் கொட்டகை. கம்மங்கூழ், மோர்மிளகாய், சில நாள் கொள்ளுத் துவையல். காலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் பெண்கள் நின்றபடியே குடித்துவிட்டு உள்ளே ஓடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளை மட்டும் அவள் நிறுத்துவாள்.

"இங்க பாரு சாமி. பயந்துக்காத, நல்லாப் பாத்துக்கோ. முந்தானைய இழுத்துச் சொருகிட்டு உள்ள போ."

அவளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கடன் சொல்லலாம். "ஐயோ, பாவம்" என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்னவருக்குக் கூழ் உண்டு, வெங்காயம் கிடையாது.

அந்தக் கை போனது இதே மில்லில்தான். ஐப்பசி மழையில் நனைந்து வந்த பருத்தி, கொட்டை பிரிக்கும் இயந்திரத்தின் உருளையில் சிக்கிக்கொண்டது. சீக்கிரம் எடுக்கச் சொல்லி மேஸ்திரி பின்னாலிருந்து கத்தினார். பழனியம்மாள் பருத்தியைப் பிடித்து இழுத்தாள். உருளை அவள் கையைப் பிடித்து இழுத்தது. சேலம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலப்பக்கம் கட்டு மட்டும் இருந்தது. புருஷன் இல்லாதவள்; உழைத்தால்தான் அடுப்பு எரியும்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கல்லுக்குவாரி ஆள் பொன்னன் காலில் கட்டோடு கிடந்தான். பெண்கள் வார்டுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெளியே வந்த அவளிடம் அவன்தான் முதலில் சொன்னான்: "அம்மிணி, எந்தக் காயிதத்துலயும் கைநாட்டு வெச்சுராத. வேலையில கை கால் போனா மொதலாளி நட்டஈடு குடுக்கோணும்னு சட்டம் இருக்குது. அதுலயும் பொம்பளைக்கு நேராக் குடுத்தாச் செல்லாது. நட்டஈட்டுக் கமிசனர்கிட்டத்தான் கட்டோணும்."

அவளுக்குப் பாதிதான் நம்பிக்கை வந்தது. மறுநாளே மில் கணக்கப்பிள்ளை சாத்துக்குடிப் பழங்களோடும், கொஞ்சம் பணத்தோடும், எழுதிய தாளோடும் வந்து நின்றார்.

"மொதலாளி தருமமாக் குடுக்கறாரு. ஒரு கைநாட்டு வெய்யி."

"எந்தக் கையில வெக்கோணுங்க?" என்று கேட்டாள் பழனியம்மாள்.

கணக்கப்பிள்ளை நீட்டிய தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவளே தொடர்ந்தாள். "தருமம்னா கோயில் வாசல்ல குடுக்கச் சொல்லுங்க. என்ற கை வேலை செஞ்ச எடத்துலதானுங்க போச்சு."

பொன்னன் காட்டிய மனு எழுதுபவர், நஷ்டஈட்டுக் கமிஷனருக்கு மனு எழுதிக் கொடுத்தார். மில்லிலிருந்து பதில் வந்தது: இயந்திரத்தின் மேல் இரும்புவலை மூடி இருந்தது, வேலைக்காரி வேண்டுமென்றே அதைக் கழற்றிவிட்டுக் கைவிட்டாள். மனு எழுதுபவர் உதட்டைப் பிதுக்கினார். அது உண்மையென்று ஆகிவிட்டால் சட்டப்படி ஒரு காசு கிடைக்காது. கூட வேலை செய்தவள் யாராவது வந்து மூடி இல்லை என்று சொன்னால்தான் உண்டு.

பழனியம்மாள் வீடு வீடாகப் போனாள். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு மறதி. பக்கத்து இயந்திரத்தில் நின்ற அத்தாயி சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு குழந்தைகள், படுத்த படுக்கையாய் மாமனார், அவள் கூலி ஒன்றுதான் வரும்படி. முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. பழனியம்மாள் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிவிட்டாள். அத்தாயி இடத்தில் தான் இருந்தால் சாட்சி சொல்லப் போயிருப்போமா என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாளாம்.

விசாரணை நாளன்று சேலம் கச்சேரி வாசலில், இடுப்பில் சின்னதை வைத்துக்கொண்டு அத்தாயி நின்றாள்.

"ஏம்புள்ள, வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ?"

"வாரேன்னு சொல்லிட்டா அப்பறம் பயம் வந்துரும். அதான் சொல்லாமயே வந்துட்டேன்."

மில்காரருடைய வக்கீல் எழுந்து அத்தாயியை மடக்கினார். "அந்த இரும்புவலை மூடியை நீ பார்த்ததே இல்லை என்கிறாயா?"

"பாத்திருக்கறனுங்க."

வக்கீல் முகம் மலர்ந்தது. அத்தாயி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆனா மிசினு மேல இல்லீங்க. மானேசரு ஊட்டுக் கோழிப்பட்டி மேல கெடக்குதுங்க. கீரிப்புள்ளை வருதுன்னு எடுத்துட்டுப் போயி நாலு வருசம் ஆச்சுங்க."

கமிஷனர் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

தீர்ப்பைக் கமிஷனரே தமிழில் விளக்கினார். வலது முன்கை போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு அறுபது போயிற்று என்பது சட்டத்தின் கணக்கு. கூலியை வைத்து அந்த அறுபதுக்கு ஈடு. கும்பிடப் பழனியம்மாளுக்கு இரண்டு கை இல்லை. நிமிர்ந்து நின்று ஒன்று கேட்டாள்.

"மீதி நாப்பது என்னங்க ஆகும்?"

"அது உன்னிடம்தானே இருக்கிறது, அம்மா."

அந்த வார்த்தையை அவள் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஈட்டுப் பணத்தில் கொட்டகை எழுந்தது. இடம் ஒரு விவசாயியுடைய பட்டா நிலம். மில்காரர் சொல்லிப் பார்த்தும் அவர் காலி செய்யச் சொல்லவில்லை. கூழ் நன்றாயிருக்கிறது என்று யாராவது சொன்னால், "இது நாப்பதோட கைப்பக்குவம். நூறா இருந்தப்ப வந்திருக்கோணும் நீங்க" என்பாள். விரல் நசுங்கியவர்களும் கால் ஒடிந்தவர்களும் எருமப்பட்டியிலிருந்துகூட அவளைத் தேடி வருகிறார்கள். முதலில் கூழ் ஊற்றுவாள். பிறகு, "உன்கூட நின்னவங்க யாரு? அவங்களைக் கூட்டியா" என்பாள்.

சாட்சி சொன்ன மறுநாள் அத்தாயிக்கு மில் கதவு திறக்கவில்லை. கொட்டகை எழுந்த நாளிலிருந்து கடையில் பாதி அவளுடையது. மாவரைப்பதும் விறகு பிளப்பதும் அவள். தன் சொந்தக் காரியத்தில் பழனியம்மாளுக்கு ஒற்றைக்கையால் ஆகாதது ஒன்றுதான், கொண்டை போடுவது. சாயங்காலம் அதையும் அத்தாயிதான் போட்டுவிடுவாள்.

போன வாரம் ஒரு மாலை, அத்தாயி பின்னாலிருந்து கொண்டை போட்டுக்கொண்டிருக்க, இருவரும் மில்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கேட் திறந்து முதலாளியின் மோட்டார் வெளியே வந்தது. கூழ் குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அத்தாயியின் விரல்கள் தலைமயிரிலிருந்து நழுவின. அவளும் எழப் பார்த்தாள்.

பழனியம்மாள் தலையைத் திருப்பவில்லை. இடக்கையைப் பின்னால் நீட்டித் துழாவி, அத்தாயியின் விரல்களைப் பிடித்து, அவிழ்ந்த கூந்தலுக்குள் மறுபடி வைத்தாள்.