மோதிர விரலின் பாதி

எங்கள் மருத்துவக் கல்லூரியின் டிஸெக்‌ஷன் ஹாலில் டேபிளுக்கு எட்டுப் பேர், அறுத்துப் படிக்க ஒரு உடல். அந்த வாரம் யார் எதை அறுத்தார்களோ அவர்கள்தான் மற்ற டேபிள்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு வந்தது உள்ளங்கை.

உள்ளங்கையில் கொழுப்பை எடுப்பது எரிச்சல் பிடித்த வேலை. எனக்குப் பொறுமை கிடையாது. மோதிர விரலில், சுண்டு விரலை ஒட்டிய பக்கத்துக்குப் போகும் மெல்லிய நரம்பை அறுத்துவிட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்து வைக்கவும் இல்லை. மறுநாள் பாடம் எடுக்க வேண்டுமே என்று, பக்கத்தில் தெரிந்த மீடியன் நரம்போடு கறுப்பு நூலால் கட்டிவிட்டேன். மோதிர விரல் முழுக்க மீடியன்தான் என்று மூன்று டேபிளுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

விடுதிக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அந்த விரலில் பாதி மீடியனுக்கு, பாதி முழங்கை வழியாகச் சுண்டு விரலுக்குப் போகும் அல்னர் நரம்புக்கு. வாயை மூடிக்கொண்டேன். எல்லோரிடமும் புத்தகம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கேட்டவர்களில் ஒருத்தி பனவடலிசத்திரத்துக்காரி. இங்கிலீஷ் புத்தகத்தோடு மல்லுக்கட்ட முடியாமல், நாங்கள் தமிழில் சொல்வதைக் கேட்டே படிப்பவள். இரண்டு இன்டர்னல் பரீட்சையில் ஏற்கெனவே ஃபெயில். திங்கட்கிழமை வாய்மொழிப் பரீட்சையும் போனால் பல்கலைக்கழகப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, லீவுக்கு நான் வந்திருந்த எங்கள் சங்கரன்கோவில் வீட்டுக்குப் படிக்க வந்தாள்.

"ஏட்டி, ஒன்னு கேக்கட்டா? வையாத."

"கேளு."

"வரும்போது பஸ் கம்பில முழங்கை இடிச்சிட்டு. சுண்டு விரல் வரைக்கும் சுர்ருன்னு போச்சு. மோதிர விரல்லயும் ஒரு பக்கம் போச்சு. முழங்கைல ஓடுதது அல்னர்லா? நீ சொன்னபடி பாத்தா மோதிர விரல்ல ஒன்னுமே தெரிஞ்சிருக்கக் கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. "இடிச்சா எல்லாந்தான் சுர்ருங்கும். பாடத்தப் படி."

அவள் முழங்கையை எங்கள் மேசை விளிம்பில் இன்னொரு முறை இடித்தாள். முகம் சுருங்கியது.

"இல்லட்டி. பாதிக்குத்தான் போவுது."

மூன்றாவது முறை இடிக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அறுத்ததையும், நூல் கட்டியதையும், தெரிந்தும் சும்மா இருந்ததையும் சொன்னேன்.

அவள் நோட்டைப் பார்த்தாள். நான் சொன்ன தப்பைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தாள். "இத பத்து தடவ எழுதிப் பாத்தேம்ட்டி" என்றாள். வைதிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். வையவில்லை.

"ஃபோன எடு. கிளாஸ் குரூப்புல போடு."

‘ஒரு சின்னத் திருத்தம்’ என்று தட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"சின்னதுன்னு போடாத. அறுத்துட்டேன்னு போடு."

அப்படியே போட்டேன். ‘நாங்க மனப்பாடமே பண்ணியாச்சு, நல்லா இருப்ப’ என்று ஒருத்தன் பதில் போட்டான்.

அவள் நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். "வேற என்னத்தெல்லாம் கட்டி வச்சிருக்க?"

சாயங்கால பஸ் வரை இரண்டு பேரும் அவள் நோட்டைப் புத்தகத்தோடு ஒவ்வொரு பக்கமாக ஒத்துப் பார்த்தோம். வேறு எதையும் நான் நூலால் கட்டி ஒப்பேற்றியிருக்கவில்லை. ஆனால் முன்பு நான் எடுத்த தோள்பட்டைப் பாடத்தில் இரண்டு இடம் உத்தேசமாகச் சொன்னது, இரண்டும் தப்பு. அவளே திருத்தி எழுதினாள்.

திங்கட்கிழமை அவளிடம் உள்ளங்கையைக் கேட்கவே இல்லை. தோள்பட்டையைக் கேட்டார்கள். பாஸ்.

இப்போதும் நான் பாடம் எடுத்தால் முன்னால் வந்து நிற்கிறாள். நான் ஒரு நரம்பைக் காட்டியதும், ஃபோர்செப்ஸ் இடுக்கியால் அதை மெதுவாக இழுத்து, அடி எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எழுதுகிறாள். எல்லோர் முன்னாலும் செய்கிறாள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. செய்யாதே என்று இதுவரை சொன்னதில்லை.