தாமரைத் தொட்டிப் படம்

குவோ பி-யூன் அக்கா தைனான் நகரத்தில் எங்கள் பேட்டையின் வார்டு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர். படம் வரைய யாரிடமும் கற்றதில்லை. ஃபோனில் விரலால் இழுத்து, சரியில்லை என்று அழித்து, மறுபடி இழுத்துத் தானே பழகியது. எழுத்து, கண்ணாடி போடாதவருக்கும் தெரிய வேண்டும் என்பார். அதற்காகக் கையை நீட்டி ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார்.

அந்தக் கோடையில் டெங்கு வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒருவர் இறந்தே போனார். தொட்டியிலும் ஜாடியிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து ஏழு கட்டம் போட்ட விளக்கப்படம் வந்தது. அக்கா அதைத் தெருக்காரர்களின் ஃபோன் குழுவில் போட்டார். யாரும் சட்டை செய்யவில்லை. அதே குழுவில் விடிந்ததும் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் 'காலை வணக்கம்' என்று பூப்படம் அனுப்பிக்கொள்வார்கள். அதிலேயே செய்தியை ஏற்றிவிடலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது.

மூன்று நாள் உழைத்தார். நீலப் பீங்கான் தொட்டி, தளும்பும் தண்ணீர், இளஞ்சிவப்புத் தாமரை. மேலே வணக்கம், கீழே 'தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்'. ஒரே காலையில் ஊரெல்லாம் சுற்றியது. பக்கத்து நகரமான காவோசியுங்கிலிருக்கும் என் நாத்தனார் எனக்கே திருப்பி அனுப்பினாள்.

அடுத்த வாரம் கொசுப்புழு பார்க்க அக்கா வீடு வீடாகப் போனார், உதவிக்கு நானும் போனேன். அந்தக் குழுவிலிருக்கும் ஹுங் சித்தியின் வாசலில் புத்தம் புது நீலத் தொட்டி. டார்ச் அடித்தோம், தாமரை இலைக்கடியில் புழு நெளிந்தது.

"இது எப்ப வாங்கினீங்க, சித்தி?"

"நீ அனுப்பினியே, அதைப் பாத்துத்தான். அதே நீலத்துக்கு எத்தனை கடை ஏறினேன் தெரியுமா? எதிர்வீட்டுக்காரிக்குப் பொறுக்கல, அவளும் வாங்கிட்டா."

"கீழ எழுதியிருந்தேனே."

"படம் அழகா இருந்துச்சு, அனுப்பினேன். எழுத்தையெல்லாம் யாருடி படிக்கிறா?"

அந்தத் தெருவில் அப்படி ஐந்து தொட்டி. "இதெல்லாம் நான் வளத்த கொசு" என்றார் அக்கா.

அன்றே கவிழ்த்த தொட்டியை வரைந்து போட்டார். அதை யாரும் அனுப்பவில்லை. "காலங்காத்தால கவுந்த பானையை அனுப்பினா என் மகன் என்ன நினைப்பான்?" என்று கேட்டார் பக்கத்துத் தெரு சென் மாமா.

மறுநாள் அக்கா வரையவில்லை. ஹுங் சித்தியின் தாமரையைக் கோயில் குளத்துக்கு அனுப்பிவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் அவரையே உட்கார வைத்துப் படமெடுத்தார். சித்தி உதட்டுச்சாயம் பூசிக்கொண்டார். மேலே வணக்கம் மட்டும். கீழே ஒரு எழுத்தும் இல்லை. சித்தி அதைத் தன் இரண்டு மகன்களுக்கும் கோயில் தோழிகளுக்கும் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் "என்னை எப்ப எடுப்ப?" என்று ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள்.

வீடு வீடாகத் தொட்டிகள் கவிழ்ந்தன. சென் மாமா வீட்டில் மட்டும் ஜாடி நிறையத் தண்ணீர்.

"என்ன மாமா இது?"

"கொட்டுறப்பவே எடுத்தாத்தான் நல்லா இருக்கும். அதான் நீ வர்ற வரைக்கும் வெச்சிருந்தேன்."

"எத்தனை நாளா?"

"ஆறு நாளா."

"முதல்ல கொட்டுங்க. படம் அப்புறம்."

மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கவிழ்த்தார். ஜாடியின் உட்சுவரில் முட்டை ஒட்டியிருக்கும் என்று அக்கா பிரஷ்ஷைக் கொடுத்தார். மாமா தேய்த்து முடிக்கும்வரை அக்கா ஃபோனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.