டாக்டருக்குச் சொன்ன ஓம்

இந்த நாட்டு டாக்டர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் எனக்கு இன்னும் பழகாதது இதுதான். என் வயிற்றுக் கட்டியை வெட்டி எடுக்கலாம், இந்த வயதில் அதிலும் ஆபத்துண்டு, விட்டாலும் ஆபத்துண்டு என்று விளக்கிய வெள்ளைக்காரர், பேனாவை மூடிவைத்துவிட்டு, "முடிவு உங்களுடையது. ஒப்பரேசன் செய்வோமா?" என்றார். நான் கூரைச் சதுரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கல்முனையில் எந்த டாக்டர் என்னிடம் முடிவு கேட்டார்? வாய் தன் பழக்கத்தில், ஆம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லான "ஓம்" என்றது.

"ஹோம்?" என்றார் அவர். என் சொல்லையே திருப்பிச் சொல்கிறாரே என்று மகிழ்ந்து தலையாட்டினேன். வீட்டில் ஆறுதலாக யோசித்து அடுத்த கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மாலையில் மகள் வேலையால் வந்தாள்.

"என்ன வாப்பா சென்னீங்க?"

"ஓம் எண்டுதான் சென்னன்."

"யா அல்லாஹ்! ஊட்ட போறன் எண்டு அவருக்குக் கேட்டிருக்கும். இனி 'யெஸ்' எண்டு வாயத் தொறந்து செல்லுங்க!"

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் ஓமை விளக்கத் தேவையில்லை. எழுபதுகளின் கடைசியில் என் மனைவி சுபைதாவுக்குப் பிரஷர் என்றார்கள். நிந்தவூரிலிருந்து பஸ் ஏறிக் கல்முனைக்குப் போவோம். "குளிசை ஒழுங்காக் குடிக்கிறீங்களா?" என்பார் டாக்டர். "ஓம் சேர்" என்பாள், முக்காட்டை இழுத்துக்கொண்டு. அவர் இன்னும் பலமான குளிசை எழுதுவார். வீட்டில் அவை போத்தலில் அப்படியே கிடக்கும். எண்ணிப் பார்ப்பவன் நான்.

"பொய்யா சென்ன, புள்ள?"

"குடிக்கல்ல எண்டா அந்த மனிசன்ட மொகம் சுருங்காதா? படிச்சவர், பாவம். எனக்குத் தலச்சுத்தும் இல்ல, ஒண்டும் இல்ல. என்ட ஒடம்பு எனக்குத் தெரியாதா? நீங்க எண்ணிக்கிட்டு இரிங்க, அது போதும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் ஓம் என்றது மரியாதைக்கு, சம்மதித்து அல்ல. டாக்டரும் எங்கள் பக்கத்தவர்தான், அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் வாசலில் அவ்வளவு சனம். ஒரு காலை, அரிசி அரித்துக்கொண்டிருந்தவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். பாரிசவாதம். பேச்சும் போயிற்று, ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஓம், வலிக்கிறதா என்றாலும் ஓம். எது உண்மையான ஓம் என்று அறியாமலே அவளை அடக்கினோம்.

நான் அன்று வெள்ளைக்காரரிடம் சொன்னது எந்த ஓம் என்று எனக்கே தெளிவில்லை. இவர் பிழையாகக் கேட்டதால், அந்தக் கிழமையும் முடிந்து நாளை என்னிடம் இரண்டாம் தரம் கேட்பார். சுபைதாவிடம் யாரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. மகளுக்காக 'யெஸ்' என்று சொல்லிப் பழகுகிறேன்.

அன்று டாக்டரிடமிருந்து வெளியே வந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் மகள் வீட்டுப் பக்கம் போகும் பஸ் வந்து நின்றது. ஏறுகிறீர்களா என்று டிரைவர் கேட்டார். "ஓம்" என்றேன். ஏறவில்லை. நிந்தவூர் பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல வீதியின் மறுபக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.