பிரேக்கில் வைத்த பொட்டு

எங்கள் கடை தியாகராய நகரில், ரங்கநாதன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. பிளவுஸ் துணி, லைனிங், புடவைக்கு ஃபால்ஸ், இவ்வளவுதான் சரக்கு. மேட்சிங் சென்டர் என்று போர்டு போட்டிருக்கிறோம். பச்சையில் எத்தனை பச்சை இருக்கிறது என்று கேட்டால் என் வீட்டுக்காரர் நாள் முழுக்கச் சொல்வார். மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். கெட்ட மனிதர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடையே கதி என்று கிடந்தவர், அவ்வளவுதான்.

மகள் சைக்கிள் ஓட்டப் போனது என் ஏற்பாடு. திருவான்மியூரில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பயிற்சி கொடுக்கும் ஒரு மன்றம் இருக்கிறது. சொந்தமாக வாங்க முடியாத பிள்ளைகளுக்கு அவர்களே பந்தய சைக்கிளை இரவல் தருவார்கள். அந்தச் சைக்கிள்களை வாங்கவும் பழுது பார்க்கவும் பணம் வேண்டுமே, அதற்காக வருஷா வருஷம் ஒரு பந்தயம் நடத்துவார்கள். காலையில் பெரியவர்கள் கட்டணம் கட்டி ஓட்டுவார்கள். அதன் பிறகு பிள்ளைகளுக்கு. பிள்ளைகளில் முதல் மூன்று இடத்தில் வருகிறவர்களுக்கு ஒரு வருஷத்துக்குச் சைக்கிள்; ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். நம் பிள்ளைக்கு வரும்வரை எல்லா நியாயமும் நன்றாகத்தான் இருக்கும்.

அந்தப் பந்தயத்துக்கு சைக்கிளோகிராஸ் என்று பெயர். ரோட்டில் ஓட்டுவதில்லை. மணல், சேறு, மேடு, குறுக்கே பலகை. ஓட்ட முடியாத இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதை நான் முதன்முதலில் வீட்டில் விவரித்தபோது என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்.

"இவ சைக்கிள் மேல போறாளா, சைக்கிள் இவ மேல போகுதா?"

"ரெண்டும்தான்ப்பா," என்றாள் மகள்.

"அப்ப டிக்கெட் யாரு எடுக்கணும்?"

கேலி மட்டும்தான். ஒரு நாள்கூடப் பயிற்சியைப் பார்க்க வந்ததில்லை. வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளை, யாரோ வழியில் விட்டுவிட்டுப் போன சாமான் போலச் சுற்றிக்கொண்டு போவார். வயசுப் பெண் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருகிறாளே என்ற எரிச்சல் உள்ளே இருந்தது. மகளுக்கும் அது தெரியும். அப்பா எப்போது வருவார் என்று அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

அந்த வருஷம் பந்தயத்தை விஜயதசமி விடுமுறையில் வைத்தார்கள். முந்தின நாள் ஆயுத பூஜை. சாயங்காலம் கடையில் கத்தரிக்கோல், அளவுகோல், கல்லாப்பெட்டி, ஃபால்ஸ் அடிக்கும் தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மனிதர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒன் வண்டி எங்க?"

"வீட்லப்பா."

"கொண்டா. அதுவும் ஆயுதம்தான?"

நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கூட்டத்தில், பூசணிக்காய்க்காரர்களையும் வாழைக்கன்றுக்காரர்களையும் விலக்கி, அவள் அந்தச் சைக்கிளைக் கடை வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்க் குப்பியை எடுத்தார். எங்கள் கடையில் இரும்பு என்றால் அந்த எண்ணெய்தான். கத்தரிக்கோலுக்கும் அது, ஷட்டருக்கும் அது, கிறீச்சிடும் நாற்காலிக்கும் அது. லைனிங் துணியில் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார். சக்கரத்தின் நடுவில் வட்டமாக ஒரு தகடு இருக்குமே, அதைக் கண்ணாடி போல ஆக்கினார். அதன்மேல் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஹேண்டிலுக்குச் சாமந்திச் சரம் சுற்றினார்.

அப்போது மகள் பழங்கள் வாங்கப் போயிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அந்தத் தகடு என்னவென்று தெரியாது. கணவர் மகளுடைய சைக்கிளைத் துடைக்கிறார் என்ற சந்தோஷத்தில் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அதில் மிகவும் கண்டிப்பு. பள்ளிக்கூடப் புத்தகத்தைக்கூட எடுக்க விடமாட்டார். ஆகவே மகள் அன்று சைக்கிளைக் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. விடிந்ததும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அவரே தள்ளி நசுக்கி, குட்டியானை வண்டியில் ஏற்றினார். தீபாவளி வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில், கடையைச் சாத்திவிட்டு, எங்களோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்துக் கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

பாலவாக்கத்தில், கடற்கரைக்குச் சற்று முன்னால் சவுக்குத் தோப்பு ஒட்டிய திடலில் பந்தயம். இரவு மழை பெய்து தரை சொதசொதவென்று இருந்தது. மகள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. குனிந்து அந்தத் தகட்டை விரலால் தொட்டாள், மோந்து பார்த்தாள். பனியன் நுனியால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"என்னடி?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா."

அவள் அப்பா அந்த நேரத்தில், சாந்தோமிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தார். மன்றத்தில் இன்னும் சைக்கிள் கிடைக்காத அந்த டீச்சரின் மகளும், அன்றைக்கு மட்டும் யாரிடமோ வாங்கிய சைக்கிளில் பந்தயத்தில் இருந்தாள். இவர் குரல் திடல் முழுக்கக் கேட்டது.

"நம்ம பிள்ள வண்டியப் பாத்தீங்களா? நேத்து நானே ஒக்காந்து தொடச்சேன் பாத்துக்கிடுங்க. மொகம் தெரியும் அதுல."

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பயிற்சியாளர் பத்தடி தூரத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு சைக்கிள் கொடுத்திருப்பார்கள். சொன்னால், ஏன் என்று அவள் அப்பா கேட்பார். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள்.

மணலிலும் சேற்றிலும் அவளை அடிக்க ஆள் இல்லை. பலகைகள் வந்த இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டு ஓடினாள். இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாதையோரம் கட்டியிருந்த கயிற்றை ஒட்டிக் கூடவே ஓடினார். அவர் ஓடி அதற்கு முன் நான் பார்த்தது, ரங்கநாதன் தெருவில் ஒருவன் பீஸ் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான். கடைசிச் சுற்றில், சவுக்குத் தோப்பிலிருந்து இறங்கும் சரிவில், எல்லாப் பிள்ளைகளும் வேகத்தைக் குறைத்துத் திரும்பினார்கள். இவள் திரும்பவில்லை. நேராக வந்தாள். இரண்டு கையாலும் பிரேக்கை இறுக்கியிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு போய் முள் வேலியில் விழுந்தாள்.

எழுந்துவிட்டாள். கையெல்லாம் ரத்தக் கோடு. சங்கிலி அறுந்து தொங்கியது. ஓட்ட முடியாத சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மீதித் தூரம் முழுவதும் ஓடினாள். நாலாவதாக வந்தாள். அவளுக்கு முன்னால், மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டியது அந்த டீச்சரின் மகள்.

அவள் அப்பா ஐஸ் வாங்கக் கடைக்கு ஓடினார். பயிற்சியாளர் வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். உள்ளூர்க்காரர், படபடவென்று பேசுவார்.

"இன்னாமா இது? பிரேக் டிஸ்க்குல எண்ணெ கீது, சந்தனம் கீது! எண்ணெ பட்டா பிரேக் எப்டிம்மா புடிக்கும்? யாரு பண்ண வேல இது?"

"சார், மெதுவா. நான்தான் சார் தெரியாம துடைச்சுட்டேன்."

"நீயா? உனுக்குத் தெரியாதா?"

"நான்தான் சார். அப்பா வர்றாரு. அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க, ப்ளீஸ்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

அதற்குப் பிறகு சில நாட்கள் கடையில் ஒரே புராணம். "கீழ விழுந்தா என்ன? தூக்கிட்டு எப்படி ஓடுனா தெரியுமா? சேறுதான் சறுக்கிட்டு," என்று லைனிங் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த வருஷம் ஜெயித்துவிடுவாள் என்றார். ராத்திரி சாப்பிடும்போது அவளிடம் அந்தப் பலகை எத்தனை உயரம், எப்படிக் குதிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவளும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். சைக்கிள் போனாலும் அப்பா கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். அப்படியே இருந்திருக்கலாம்.

சைக்கிளைப் பழுது பார்த்து, அந்த டீச்சர் மகளிடம் நாங்களே ஒப்படைக்க வேண்டும் என்று மன்றத்தில் சொல்லியிருந்தார்கள். கொடுக்கிற நாள் காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் மகள் அலறியது கேட்டது.

"அப்பா! வேண்டாம்! அதுல எண்ணெ போடாதீங்க!"

ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் கையில் துணி, பக்கத்தில் எண்ணெய்க் குப்பி. "ஏட்டி, ஒரு வீட்டுக்குக் குடுக்கும்போது பளிச்சுன்னு குடுக்க வேண்டாமா?" என்றார்.

"எண்ணெ பட்டா பிரேக் பிடிக்காதுப்பா. அந்தப் பொண்ணு விழுந்துடுவா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் குப்பியைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார்.

"அப்ப, அன்னைக்கு?" என்றார்.

"மழைப்பா. சேறு," என்றாள். அவளுக்குப் பொய் வராது. வந்த ஒரே பொய்யைப் பயிற்சியாளரிடம் செலவழித்துவிட்டாள்.

அவர் துணியை மடித்துக் கீழே வைத்தார். குளிக்கப் போனார். அன்று சீக்கிரமே கடை திறந்துவிட்டார்.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நானும் மகளும் ஆயிரம் முறை சொல்லிப் பார்த்துவிட்டோம், தெரியாமல் செய்ததுதானே என்று. "அதான, இப்ப என்ன அதுக்கு?" என்பார். பேச்சு வேறு பக்கம் போய்விடும். பயிற்சியாளர் நல்லவர். சில மாதங்களில், பெரிய பையன் ஒருவன் விட்டுப்போன சைக்கிளை மகளுக்குக் கொடுத்தார். அவள் மறுபடி ஓட்டுகிறாள், முன்பைவிட நன்றாக ஓட்டுகிறாள். இந்த வருஷப் பந்தயத்துக்கும் மூவரும் போனோம். தோப்பு ஓரமாக, கூட்டத்துக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டார்.

பந்தயம் தொடங்கும் நேரம். மகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள். நான் பக்கத்தில் இருந்தும் என்னிடம் வரவில்லை.

"அப்பா, ஷூ லேஸ் கட்டிக்கறேன். கொஞ்சம் பிடிங்க."

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அம்மாட்ட குடு தாயி. என் கையெல்லாம் அழுக்கு."

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். அவர் அப்போதுதான் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்திருந்தார்.