வெள்ளிக்கிழமைக் குளிசை

இதை எழுத நான் ஏழு வருசம் பின்வாங்கினேன். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன், ஆனால் எழுதத் தெரியாமல் இருந்ததில்லை. எங்கள் வட்டைக்கு, அந்த வயல்வெளி முழுவதற்கும், நான்தான் விதானை. வயலுக்குத் தண்ணீர் எப்போது திறப்பது, விதைப்பு எப்போது என்று கமக்காரர் எல்லாருக்காகவும் பேசுகிற ஆள். பிள்ளையார் கோயிலில் சங்கற்பத்துக்கு என் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் ஓர் அட்டையில் பொய்யாகச் சரி போட்டான் என்று எழுதக் கை வரவில்லை. இப்போது வருகிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு வாவிக்கு இந்தக் கரையில். வயல் அந்தக் கரையில், படுவான்கரையில். எனது வயலுக்குப் பக்கத்து வயல் என் பெண்சாதியின் தமையனுடையது. ஒரு மாரி விதைப்பில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. சேற்றில் நின்ற அலுப்பென்று கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு கிடந்தார். சலம், அதுதான் மூத்திரம், போவது நின்ற பிறகு, ஐந்தாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திரும்பி வரவில்லை. எலிக்காய்ச்சல் என்றார்கள்.

அடுத்த மாரிக்கு முன், தொற்றுநோய்களை ஆராய்கிற ஒரு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பொறுப்பாக வந்தவ ஓர் இளம் டொக்டர். மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். வரம்பு வரம்பாகக் கூடு வைத்து, சுட்ட கருவாடு போட்டு எலி பிடித்தார்கள். வாய்க்கால் தண்ணீரைப் போத்தலில் எடுத்தார்கள். மாட்டுக்கும் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார்கள், எங்களுக்கும் எடுத்தார்கள்.

எங்கள் வட்டையில் வயல் செய்கிற ஏறாவூர் முஸ்லிம் ஒருவர் இருக்கிறார், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், வாய் சும்மா இராது. "மிஸ், எலிக்குக் கருவாடு, எங்களுக்கு வெறும் ஊசியா? இது என்ன நியாயம்?" என்றார்.

"எலி உள்ளதைச் சொல்லுது காக்கா. நீங்களும் உள்ளதைச் சொன்னா உங்களுக்கும் தாறன்" என்றா அந்தப் பிள்ளை. வட்டையே சிரித்தது.

அவ விளங்கப்படுத்தினது இதுதான். எலியும் மாடும் சலம் விட்ட தண்ணீரில் அந்தக் கிருமி கிடக்கும். நமது கால் வெடிப்பிலும் புண்ணிலும் அது உள்ளே போகும். அதற்கு, விதைப்புக் காலம் முழுக்கக் கிழமைக்கு ஒருமுறை, வாரம் தவறாமல், இரண்டு மருந்துக் குளிசை, சோறு தின்ற பிறகு, நிறையத் தண்ணீரோடு போடவேண்டும். போட்டவர் தன் அட்டையில் சரி போடவேண்டும், போடாதவர் வெறுமையாக விடவேண்டும். குளிசை போட்டவருக்கு எப்படி, போடாதவருக்கு எப்படி என்று கணித்துப் பார்த்துத்தான் மற்ற வட்டைகளுக்கும் சொல்வார்களாம்.

குளிசையைப் பங்கிட்டு அட்டையைச் சேர்க்கும் வேலையை என்னிடம் தந்தா. "எந்த நாள் வைப்பம் ஐயா?" என்று கேட்டா.

"வெள்ளிக்கிழமை வையுங்க பிள்ளை. எங்கட ஆக்கள் கோயிலுக்குப் போற நாள், காக்காமார் ஜும்மாவுக்குப் போற நாள். ஒருத்தருக்கும் மறக்காது."

நல்ல யோசனை என்று எழுதிக்கொண்டா. எனக்கும் பெருமைதான். ஆனால் எல்லாருடைய வெள்ளியையும் நினைத்த நான் என்னுடைய வெள்ளியை நினைக்கவில்லை. வெள்ளியில் எனக்கு விரதம். மாலைப் பூசை முடியும் வரை தண்ணீர் மட்டும், பிறகு பழமும் பாலும். சோற்றில் கை வைப்பதில்லை.

முதல் வெள்ளி இரண்டு குளிசையையும் சாமித் தட்டில் வைத்து, நாளைக்குப் போடலாம் என்றேன். சனி விடியவே உழவு மெசின் வந்துவிட்டது, மறந்துபோனேன். ஞாயிறு அட்டைகளைச் சேர்க்கும்போது என்னுடையது மட்டும் வெறுமை. விதானையின் அட்டை வெறுமையாக இருந்தால் மற்றவன் என்ன நினைப்பான்? சரி போட்டேன். இரண்டாம் வெள்ளி மறக்கவில்லை. விரதம் பிடிக்கிறவனைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி நாலு வெள்ளி. தட்டில் எட்டுக் குளிசை, அட்டையில் நாலு சரி.

ஐந்தாம் கிழமை எனக்குக் காய்ச்சல். கெண்டைக்காலில் உலக்கையால் அடித்தது போல நோவு, கண் இரண்டும் சிவப்பு. அவர்கள் சொல்லித்தந்த குறிகள் என்றபடியால் இரண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மச்சான் போனது ஐந்தாம் நாள். இடையில் உள்ள மூன்று நாளில்தான் என் உயிர் இருந்தது. அது எனக்கு ஐயமில்லாமல் தெரியும்.

இரத்தத்தைச் சோதித்து எலிக்காய்ச்சல்தான் என்று அந்த நிறுவனத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அடுத்த நாள் காக்கா தோடம்பழத்தோடு பார்க்க வந்தார்.

"என்ன விதானையார், குளிசைய எலிக்குக் குடுத்திட்டு நீங்க கருவாட்டத் திண்டிட்டீங்களா?"

வார்டே சிரித்தது. நான் சுவரைப் பார்த்தேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா வட்டையில கதை நல்லமில்ல. விதானையார் ஒழுங்காப் போட்டும் வந்திட்டு, மறுகா நமக்கு என்னத்துக்கு எண்டு வாய்க்கால்ல வீசுறானுகள். உங்களுக்கென்ன ஒளிப்பு, நானும் நேத்துப் போடல்ல."

மச்சானின் மூத்தவன் அந்த வயலில்தான் நிற்கிறான். என் பொய்யால் அவனும் வீசியிருப்பான்.

பின்னேரம் மிஸ் வந்தா. கையில் என் அட்டை. "உங்கட அட்டை மாதிரி ஒழுங்கான அட்டை இல்ல ஐயா. அதுதான் எங்களுக்கு யோசனை. குளிசை வெக்கையில பழுதாகிட்டோ, இந்தப் பக்கத்துக்கு இந்த அளவு காணாதோ எண்டு முதல்ல இருந்து பாக்கவேணும். அதுவரைக்கும் பக்கத்து வட்டைகளுக்குக் குடுக்க ஏலாது."

கட்டிலுக்குப் பக்கத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த என் பெண்சாதி, தலையை நிமிர்த்தாமலே சொன்னா: "இஞ்சருங்க, சாமித் தட்டில கிடக்கிறதச் சொல்லுங்க."

சொன்னேன். வெள்ளி, விரதம், எட்டுக் குளிசை, நாலு சரி, எல்லாம். அந்தப் பிள்ளை ஏசவில்லை. ஒரு மூச்சு விட்டா. "அப்ப குளிசை தோக்கல்ல" என்றா.

"அந்தச் சரியெல்லாத்தையும் வெட்டிவிடுங்க பிள்ளை."

"வெட்ட மாட்டன் ஐயா. நீங்க போட்ட சரியும் இருக்கும், போடல்ல எண்டு இப்ப சொன்னதும் அதுக்குப் பக்கத்தில இருக்கும். எங்களுக்கு விருப்பமான மாதிரி மாத்தத் தொடங்கினா, பிறகு எங்கட கணக்க நம்பி ஆர் குளிசை போடுறது?" எழுதி முடித்து என் முகத்தைப் பார்த்தா. "வட்டைக்கு இத நாங்க சொன்னா எடுபடாது. குளிசையைக் காப்பாத்தக் கதை கட்டுறம் எண்டுவாங்க. நீங்கதான் சொல்லவேணும்."

வீட்டுக்கு வந்த கிழமையே கோயில் முன்றலில் கூட்டம் வைத்தேன். "நான் குளிசை போடல்ல, அதுதான் வந்தது. நீங்க போடுங்க" என்றேன். மச்சானின் மகன், "ஏன் மாமா போடல்ல?" என்று கேட்டான். "மறந்திட்டன் மனே" என்றேன். சரி போட்டதைச் சொல்லவில்லை. மிஸ் பின்னால்தான் நின்றா. ஒரு சொல் சொல்லவில்லை.

அன்றே எல்லாரும் திரும்பப் போடத் தொடங்கினார்கள். அடுத்த வருசம் வந்த அட்டையில் முதல் கேள்வியே, "நீங்கள் விரதமோ நோன்போ பிடிக்கும் நாட்கள் எவை?" என்பதுதான். அவரவருக்கு ஏற்ற நாள். எனக்கு ஞாயிறு. இன்று வரை ஒரு ஞாயிறும் விட்டதில்லை, ஒரு வெள்ளி விரதமும் விட்டதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று மோதவேயில்லை. எனக்குப் பிள்ளையாரிலும் நம்பிக்கை, எலிக்கூட்டோடு சேற்றில் இறங்கின அந்தப் பிள்ளையிலும் நம்பிக்கை. அவவை அனுப்பினது ஆர் என்று எனக்குச் சந்தேகமில்லை.

நான் ஒளித்த பாதிதான் இப்போது என்னை எழுத வைக்கிறது. பாதிக் கதை என்றபடியால் ஆளுக்கொரு விதமாக அதை நிரப்பிவிட்டார்கள். விதானையார் குளிசை போட்டும் காய்ச்சல் வந்தது, விரதம்தான் காப்பாற்றியது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை. போன கிழமை காக்கா வந்து, ஓட்டமாவடியில் சொல்கிறார்களாம் என்றார்: "படுவான்கரையில ஒருத்தர் நோன்போட குளிசை போட்டுத்தான் காய்ச்சல் வந்ததாம், நோன்பாளிக்கு அது ஆகாதாம். அந்த ஒருத்தர் நீங்கதானே விதானையார்?" அவர் சிரிக்கவில்லை. என் பெயரைச் சொல்லி, பக்தியுள்ள ஆட்கள் குளிசையை வேண்டாம் என்கிறார்கள். மழை தொடங்கிவிட்டது. எல்லாரும் சேற்றில் இறங்கப் போகிறார்கள்.

ஆனபடியால், வாசிக்கிறவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். வயலில் இறங்குகிற ஆரைக் கண்டாலும் இதைச் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம், சாமிக்காகக் கூட்டவும் வேண்டாம். குளிசை போடவில்லை, போட்டதாகச் சரி போட்டேன், காய்ச்சல் வந்தது. இந்த மூன்றையும் இதே ஒழுங்கில் சொல்லுங்கள்.