கவிழ்த்து வைத்த சிரட்டை

விடுமுறைக்குச் சொந்த ஊரான போடிக்கு வந்தபோது, குரங்கணி மலையில் விலை அதிகமான ஒரு தேநீர் விடுதிக்கு அப்பாவை அழைத்துப் போனேன். பாரம்பரிய முறை என்று தேங்காய்ச் சிரட்டையில் தேநீர் வந்தது.

"அழகா இருக்குல்லப்பா?" என்றேன்.

அப்பா சிரட்டையோடு எழுந்து வாசலுக்கு வெளியே போனார். குத்தவைத்துக் குடித்தார். குழாயில் அதைக் கழுவி, மதில்மேல் கவிழ்த்து வைத்தார்.

"என்னப்பா இது?" என்று வெளியே ஓடினேன்.

அவர் தன் ஈரக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பல்லாம் டீக்கடையில நம்ம சனத்துக்குக் கிளாஸ் தரமாட்டாக, ஆத்தா. இதுலதான் ஊத்துவாக. கழுவி வெளியே கவுத்தணும். கை தானாச் செஞ்சிருச்சு."

கிளம்பும்போது விடுதிக்காரர்கள் அந்தச் சிரட்டையை நினைவுப் பரிசாக நீட்டினார்கள். நானும் சிரித்தபடி நன்றி சொல்லி வாங்கிவிட்டேன்.

இன்னும் எறியவில்லை. அப்பா என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒளித்து வைக்கிறேன்.