கல்யாண வீட்டில் போட்ட சோகப் பாட்டு

பினாங்கில் எங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் பிரிப்பது ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் ஆ லீன் என்ற சீனப் பெண் குடியிருக்கிறாள். எங்கள் ரேடியோவில் குறிப்பிட்ட ஒரு தமிழ்ப் பாட்டு வந்துவிட்டால் போதும், கையில் இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள். பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். இதென்ன பழக்கமோ, சீனர்களுக்குள் ஏதாவது நோன்போ என்று நானும் பழத்தை வாங்கித் தின்றுகொண்டு இருந்துவிட்டேன். ஒரு நாள் அவளே கடைத்தெரு மலாயில் கேட்டாள், "சியாப்பா மாத்தி?" யார் செத்துப்போனது என்று அர்த்தம். யாரும் சாகவில்லை, இது கல்யாணப் பாட்டு என்று எனக்குத் தெரிந்த மலாயில், "லாகு கஹ்வின்" என்றேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, தன் பங்குப் பழத்தையும் என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ் தெரியாதவர்களுக்குக்கூட அந்த ராகம் அழுகையென்று தெரியும். கப்பலேறிப் போன புருஷன் திரும்பி வராமல், கடற்கரையில் நின்று ஒருத்தி புலம்புகிற பாட்டு அது. இங்குள்ள தஞ்சாவூர்க்காரர்களும் யாழ்ப்பாணத்தாரும் அதைக் கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் தென்காசியில் அந்தப் பாட்டைப் போடாமல் ஒரு மாப்பிள்ளை பந்தலுக்குள் கால் வைத்துவிட முடியாது. அதற்குக் காரணம் நான். என் கல்யாணம்தான்.

மெட்ராஸிலிருந்து வருகிற பத்திரிகைகள் எங்கள் கடைச் சிப்பந்திகள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் அட்டையில்லாமல் என்னிடம் வந்து சேரும். அவற்றில் பிரபலமான பாட்டு ஒவ்வொன்றும் பிறந்த கதையை எழுதுகிறார்கள். இந்தப் பாட்டைப் பற்றியும் வந்தது. கவிஞர் காரில் போகும்போது பல்லவி உதித்ததாம், பாடிய அம்மாளுக்கு அன்றைக்குக் காய்ச்சலாம், அதனால்தான் குரலில் அந்த நடுக்கமாம். இருக்கட்டும். பாட்டு பிறந்த கதையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிறந்த பிறகு அது யார் வீட்டில் வளர்ந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நாங்கள் கண்ட கதையே வேறு. ராயகிரிப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் படம் தொடங்கப் போகிறது என்பதற்கு அடையாளமாக ஒரு பக்திப் பாட்டைப் போடுவார்கள். காட்டில் களை பறிப்பவர்கள் அதைக் கேட்டதும் வேலையை முடித்துக்கொண்டு கரையேறிவிடுவார்கள். வேலை முடிந்தது என்று சொல்லுகிற பாட்டை யாருக்குத்தான் பிடிக்காது? அது அந்தச் சுற்று வட்டாரத்தில் வருஷக்கணக்கில் ராஜாவாக இருந்தது. ஐந்தருவியில் சீசன் கடை போட்ட ஒருவரிடம் உடையாமல் மிஞ்சியது ஒரே ஒரு இசைத்தட்டுதான். சாரல் காலம் முழுக்க அதையே போட்டுக்கொண்டிருந்தார். குளிக்க வந்தவர்கள் வேறு வழியில்லாமல் கேட்டு, பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே மதுரைக்கும் விருதுநகருக்கும் கொண்டுபோனார்கள். அடுத்த சீசனில் அந்தப் பாட்டு எல்லாக் கடையிலும் பாடியது. பாட்டு மேலே ஏறுவது இப்படித்தான். அதை முதுகில் சுமந்து ஏற்றிவிட ஊரில் நாலு பேர் வேண்டும்.

என் கல்யாணம் ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம் நடந்தது. மாப்பிள்ளை அதே தென்காசியில் இரண்டு தெரு தள்ளி இருந்தவர். பினாங்கில் துணிக்கடையில் வேலை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பினாங்கு மாப்பிள்ளை, கொழும்பு மாப்பிள்ளை என்றால் மதிப்புதான். ஆனால் அந்த மதிப்பெல்லாம் மாப்பிள்ளைக்கும் அவரைப் பெற்றவர்களுக்கும் உரியது. பெண்டாட்டி ஊரில் மாமியாரோடு இருப்பாள். புருஷன் சில வருஷத்துக்கு ஒரு தடவை சென்ட்டு வாசனையோடு வந்து, ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறுவான். என் அக்கா அப்படி வாழ்ந்தாள். அவளுடைய மூத்த மகன் அப்பாவைப் பார்த்து, "இந்த மாமா எப்பம் போவாக?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். கூட்டிக்கொண்டு போவாரா என்று நிச்சயதார்த்தத்தில் அம்மா மூலம் கேட்டேன். என் மாமியார் ஆவுடையம்மாள் சிரித்துவிட்டு, "பொம்பளை கப்பலேறினா வீட்டுல வெளக்கு ஏத்துறது யாரு?" என்று கேட்டார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

எங்கள் தெருக் கல்யாணங்களுக்கெல்லாம் மைக் செட் போடுகிறவர் இசக்கி அண்ணாச்சி. இசைத்தட்டுகளில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்து அவருக்குப் படிக்க வராது. மங்கலமான பாட்டு உள்ள பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருப்பார். பொட்டு மேலே தெரிகிற மாதிரி வைத்து முள்ளை எடுத்துப் போட்டால் தவறவே தவறாது. ஆனால் என் சித்தி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு எதையும் பொட்டில்லாமல் பார்க்கப் பொறுக்காது. கல்யாணத்தன்று விடியற்காலையில் அடுப்பு, அம்மி, அண்டா எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவள், பந்தல் மூலையில் அடுக்கியிருந்த இசைத்தட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மறுபக்கம் மூளியாகிவிடுமே என்று புரட்டிப் புரட்டி இரண்டு பக்கமும் வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை அழைப்பு வாசலுக்கு வந்தது. மேளகாரர்கள் ஓய்ந்து ஒதுங்க, இசக்கி அண்ணாச்சி பொட்டைப் பார்த்துத் தட்டைச் சுழலவிட்டார். வயலின்கள் இனிமையாகத்தான் ஆரம்பித்தன. பிறகு தென்னை மரத்தில் கட்டிய குழாயிலிருந்து, அந்தப் படம் பார்த்த நாலு பேருக்கு மட்டுமே தெரிந்த பாட்டு, தெரு முழுவதற்கும் ஒப்பாரி வைத்தது. கப்பலேறிப் போனவர் இன்னும் வரவில்லையே என்று. பினாங்கு மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக வாசலில் நிற்கிறார். நான் உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணம் நின்றுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"நிப்பாட்டுலே அதை," என்று மாமியார் போட்ட சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. ஆரத்தித் தட்டைக் கையில் வைத்திருந்த பெண்கள் பின்வாங்கினார்கள். "ஏலே, திரும்புலே. இந்த வாசப்படி நமக்கு வேண்டாம்," என்று மகன் கையைப் பிடித்து இழுத்தார்கள். இசக்கி அண்ணாச்சி முள்ளைத் தூக்கக் கையை நீட்டினார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்றார் மாப்பிள்ளை. "நடுவுல அறுக்காதிய. முழுசாக் கேட்டுட்டே வாறேன்."

கேட்டார். குடை பிடித்தவன் கையை மாற்றிப் பிடிக்க, மாமியார் பல்லைக் கடிக்க, சொந்தபந்தம் எல்லாம் தெருவில் நிற்க, அந்த மனுஷர் கச்சேரியில் உட்கார்ந்தவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கடைசி அடிவரை கேட்டார். கேட்டு முடித்து, "நல்லாத்தான இருக்கு," என்று சொல்லிவிட்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. தாலி கட்டும்போது நான் அழவில்லை என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் குறை சொல்வார்கள். எப்படி அழுவேன், சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

மாமியாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மறுநாள் காலையிலேயே தோஷம் கழியட்டும் என்று எங்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார்கள். சாரல் இன்னும் விடவில்லை, பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது. பெண்கள் பக்கம் என்னைத் தண்ணீருக்குள் தள்ளி, தானும் நனைந்துகொண்டு, "என் மவன் திரும்பி வரணும்," என்று சொல்லிச் சொல்லி என் தலையைத் தேய்த்தார்கள். நிஜமாகவே பயந்துபோயிருந்தார்கள். கல்யாணமாகி ஒரு நாள் ஆன மருமகள் மாமியாரிடம் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கோ சொல்ல ஒன்று இருந்தது, அதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது. அருவிச் சத்தத்தில் மெதுவாகப் பேச வழியில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

"அத்தை, பாட்டுல அந்தப் பொம்பளை கரையில நின்னுட்டா. அதான் அவரு வரலை. அவளும் கப்பல்ல ஏறியிருந்தா பாட்டே கெடையாதுல்லா."

அக்கம்பக்கத்தில் குளித்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஈரச்சேலையோடு ஒரு கிழவி, "புள்ளை சரியாத்தான சொல்லுதா," என்றாள். மாமியார் தேய்ப்பதை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். வீடு வந்து, வாசலில் வண்டிச் சாமான் இறக்கும்போது மகனைக் கூப்பிட்டு, "ஏலே, இவளையும் கூட்டிட்டுப் போயிரு. கரையில யாரும் நிக்க வேண்டாம்," என்றார்கள். அன்றைக்கு எங்கள் இரண்டு தெருவிலும் பெண்டாட்டியோடு கப்பலேறுகிற முதல் ஆள் என் புருஷன்தான்.

நான் போன பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அருவியில் கேட்டவர்கள் மூலம் விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. அடுத்த தையில் ஒரு கொழும்பு மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட இருந்த பெண் இசக்கி அண்ணாச்சிக்கு ஆள் விட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த அழுகைப் பாட்டைத்தான் போட வேண்டும் என்று கேட்டாளாம். அவளும் கப்பலேறினாள். அதற்கப்புறம் செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் அதே பாட்டு. பாட்டைப் போட்டால் மாமியார்களுக்குப் பயம் வந்துவிடும். பயம் வந்தால் டிக்கெட் வந்துவிடும். கொழும்பிலிருந்து வருகிற தமிழ் ஒலிபரப்பில் நேயர்கள் தபால் அட்டையில் எழுதுவதை வைத்து வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்துவார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் விடாமல் எழுதினார்கள். படம் பெட்டிக்குள் போய் வெகுநாள் கழித்து, பாட்டு வரிசைக்குள் நுழைந்து படிப்படியாக ஏறிற்று.

அது முதலிடத்துக்கு வந்த அன்று நான் இங்கே குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் ஊர்ப் பெயர்களை வாசித்தார். தென்காசி, தென்காசி, குற்றாலம், தென்காசி, இலஞ்சி, மறுபடி தென்காசி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு சோகமான பாட்டை ஓர் ஊரே இப்படி விரும்புகிறதே, அங்கே எல்லோரும் நலம்தானா என்று கேட்டார். கரண்டியோடு நடுவீட்டில் நின்று நான் போட்ட கூச்சலில் ஆ லீன் ஓடி வந்தாள். லாட்டரி விழுந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எவ்வளவு என்று கேட்டாள். அதற்கு என்ன சொல்ல? என் அக்காவும் கடைசியில் கப்பலேறி ரங்கூனில் புருஷனோடு சேர்ந்துவிட்டாள் என்று கடிதம் வந்திருந்த நேரம் அது. "பாஞாக்," என்றேன். நிறைய. குழம்பு கருகிவிட்டது. கருகிய குழம்பையே அன்று சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

பிறகு அறுபதுகளில் நாத்தனார் கோமுவின் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனோம். கொழும்பு மாப்பிள்ளை. இசக்கி அண்ணாச்சி இப்போது நாலு குழாய் கட்டுகிறார், தட்டில் பொட்டெல்லாம் தேவையில்லை, அந்தப் பாட்டு மட்டும் இரண்டு மூன்று தட்டு வைத்திருக்கிறார். மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பாட்டு ஆரம்பித்தது. பெண்கள் கூடவே பாடினார்கள், பிள்ளைகள் கை தட்டினார்கள், கோமு என்னைப் பார்த்து, "மதினி, உங்க பாட்டு," என்றாள். ஜெயித்த ஊருக்குள் திரும்பி வந்த மாதிரி நான் நிமிர்ந்து நின்றேன். ஆரத்தி எடுக்க மாமியாரைத் தேடினால் காணவில்லை.

புறவாசலில் தொட்டிப் பக்கம் தனியாக நின்றார்கள். என்ன அத்தை என்றேன்.

"ஊரே சிரிக்குது. சிரிக்கட்டும். உனக்கு அந்தப் பாட்டு பலிக்கலை. எனக்குத்தான் பலிச்சிது," என்றார்கள். "போன புள்ளை எங்கன வந்தான்? பொண்டாட்டி கூட இருக்கா, அவன் எதுக்கு வருவான்? இப்பம் இவளும் போறா."

என்னுடைய வெற்றிக்கு அடியில் இப்படி ஒருத்தி நின்றுகொண்டிருந்ததை நான் யோசித்ததே இல்லை. "அப்ப நீங்களும் வாங்க அத்தை. கரையில யாரும் நிக்க வேண்டாம்னு நீங்கதான சொன்னிய," என்றேன்.

"வீட்டை யாருட்டி பாப்பா?"

"பூட்டுவோம்."

வாசலில் பாட்டு முடிகிறவரை யோசித்தார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரத்தித் தட்டைக் கேட்டார்கள். அந்தத் தடவை நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது எங்கள் வீட்டார் என்று கரையில் ஒருவரும் நிற்கவில்லை.

இப்போது மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்கள். இந்த ஊர் அரிசியைக் குறை சொல்கிறார்கள், இங்கே தண்ணீர்மலையில் விழுவதை அருவி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். போன மாதம் தானாகவே, கொழும்பு ரேடியோவுக்கு அந்தப் பாட்டைக் கேட்டு எழுது என்றார்கள். எழுதிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரகரப்புக்கு நடுவில், பினாங்கிலிருந்து ஆவுடையம்மாள் தென்காசியில் உள்ள அனைவருக்காகவும் விரும்பிக் கேட்டது என்று அறிவிப்பாளர் சொன்னார். தன் பெயரைக் கேட்டதும் மாமியார் உட்கார்ந்த இடத்திலேயே சேலையைச் சரி செய்துகொண்டார்கள். பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நம்ம தெருவுல கேட்டிருப்பாகளாட்டி?"

"எல்லா வீட்டுலயும் கேட்டிருப்பாக அத்தை."

"பேரைக் கேட்டதும் ஒருத்தியாவது நம்ம வாசலை எட்டிப் பாத்திருப்பா," என்றார்கள். "பூட்டிக் கெடக்குதேன்னு அதுக்கு அப்புறம்தான் நெனப்பு வந்திருக்கும். அது வரைக்கும் நான் அங்கனதான் இருந்தேன்."